டெக்16, ஞாயிறு மதியம்

பீளமேடு. ஹோப்ஸ் சிக்னலைத் தாண்டி ஒரு சந்து. மாடிப்படியின் பக்கச் சுவரில் மங்கிய பெயிண்ட்: பிரௌசிங், கேமிங். அதன்மேல் பாதி மறைத்தபடி ஒரு பிளெக்ஸ்: பட்டா, சிட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன்.

உள்ளே பிளைவுட் தடுப்புகள். நாலரை அடி. 2011ஆம் ஆண்டின் சைபர் கஃபே விதி அதற்கு மேல் அனுமதிப்பதில்லை. உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் குரல் மட்டும் வரும். எழுந்தால் முகம் தெரியும்.

பன்னிரண்டு தடுப்புகள். நான்கில் கம்ப்யூட்டர். மற்றவற்றில் ஏ4 பண்டல், லேமினேஷன் மெஷின், தண்ணீர் கேன். சுவரில் 24 போர்ட் சுவிட்ச். நான்கு பச்சை விளக்குகள் துடிக்கின்றன. மிச்ச ஒயர்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் சீட் நம்பர்.

ரேக்கில் பழைய ரெஜிஸ்டர்கள். 2015 வரை தடித்தவை. மாலை ஆறு மணிக்கு நேராகக் கையெழுத்துக்கு மேல் கையெழுத்து. 2016 செப்டம்பரில் ஜியோ வருகிறது. 2018இல் பப்ஜி மொபைல். அந்த வருட நோட்டில் பாதிப் பக்கங்கள் எழுதப்படவே இல்லை.

மூன்று மணி. இருவர் வருகிறார்கள். நாற்பதை நெருங்கும் வயது. ஒருவர் கையில் ஹெல்மெட், இன்னொருவர் கையில் பேக்கரி கவர்.

"வாங்கண்ணா. மத்தவீங்க?"

"வர்றேன்னாங்க. சித்த நேரம் பாப்போம்."

போனில் வாட்ஸப் குழு. ஒருவர் மகளை நீச்சல் கிளாஸுக்குக் கூட்டிப் போகிறார். ஒருவருக்கு மாமனார் ஊரில் நோம்பி. இன்னொருவர் கட்டைவிரல் படம் மட்டும் அனுப்பியிருக்கிறார். பஃப்ஸ் ஆறுகிறது.

அன்ரியல் டோர்னமென்ட் திறக்கிறது. 1999 நவம்பரில் வந்த விளையாட்டு. அடுத்த மாதமே குவேக் 3 அரீனா வந்தது. இரண்டிலும் ஒரு கூடம், தரையில் துப்பாக்கிகள், எதிரே ஆட்கள். செத்தால் மறுநொடியே வேறொரு மூலையில் எழலாம். டூம் காலத்தில், 1993இல், ஜான் ரொமேரோ இதற்கு வைத்த பெயர் டெத்மேட்ச்.

ஹெல்மெட்காரர் இன்டர்நெட் சர்வர் பட்டியலைச் சொடுக்குகிறார். ஒன்றும் வரவில்லை. பழைய அன்ரியல்களின் இணையச் சேவையை எபிக் நிறுவனம் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டது. கடைக்குள்ளேயே இணைக்கும் லேன் ஆட்டத்துக்குத் திரும்புகிறார். ஆறு பேர் ஆட்டம். மனிதர் இருவர். மிச்சம் நாலு இடத்துக்கு, கம்ப்யூட்டரே ஆடும் பாட்களைச் சேர்க்கிறார். பாட்கள் உடனே வந்துவிடுகின்றன.

களம் டெக்16. கீழே பச்சை அமிலக் குட்டை, மேலே இரும்புப் பாலங்கள். பேக்கரி கவர்காரர் ஷாக் ரைபிளை எடுக்கிறார். வலது பட்டனில் ஒரு நீல உருண்டை மெல்ல மிதந்து போகிறது. இடது பட்டனில் ஒரு கோடு பாய்ந்து அதே உருண்டையைத் தொடுகிறது. பாலத்து மூலையில் ஒளிந்திருந்தவர் சிதறுகிறார். கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே யோசனைக்கு இடமில்லை. இருபது வருஷமாகியும் கை மறக்கவில்லை.

தடுப்புக்கு மேல் ஹெல்மெட்காரரின் தலை எழுகிறது.

"அடப்பாவி! அங்க நிப்பேன்னு எப்படிடா தெரியும்?"

"நீ எப்பவும் அங்கதான்டா நிப்பே."

கவுண்டரில் ஒரு அம்மா. கையில் மஞ்சள் பை, பக்கத்தில் மகன். அரசு வெப்சைட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பையன் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். சத்தம் கேட்டுத் தலை திரும்புகிறது.

"உக்காரு தம்பி."

மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்கிறான். ஒரு பாட் விலகுகிறது. கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி தேய்ந்து மொட்டையாக இருக்கின்றன. எழுத்தைத் தேடிக் கீழே பார்க்கிறான். அதற்குள் சாகிறான். எழுகிறான். சாகிறான்.

"அண்ணா, இதுல லெவல் ஏறுமா?"

"இல்ல கண்ணு."

"ஸ்கின் கெடைக்குமா?"

"எல்லாத் துப்பாக்கியும் மொதல்லயே கீழ கெடக்கும். ஓடி எடுத்துக்கோணும்."

முப்பது, இருபத்தாறு, பூஜ்யம். போனில் ஐம்பது பேர் இறங்கும் தீவு. அங்கே தோற்றால் நல்ல துப்பாக்கி கிடைக்கவில்லை எனலாம், கூட்டாளி கைவிட்டான் எனலாம். டெக்16இல் தோற்றவன் தன்னைத்தான் சொல்ல வேண்டும்.

பேக்கரி கவர்காரர் பாலத்தின் நடுவே அசையாமல் நிற்கிறார். ராக்கெட் வருகிறது. நகரவில்லை.

"ஒண்ணு!" பையன் எழுந்து தடுப்புக்கு மேல் எட்டிப் பார்க்கிறான். மூன்று முகங்கள் சிரிக்கின்றன.

போன் அதிர்கிறது. ஸ்க்வாடில் ஒரு இடம் காலி. பையன் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவிடம் போகிறான். அந்த இடத்துக்கு பாட் திரும்புகிறது.

நாலரை மணி. கடைக்காரர் பின்னால் வந்து நிற்கிறார். "அண்ணா, முன்னாடி சிஸ்டம் மாட்டிக்கிச்சுங். இதைக் குடுத்தீங்கன்னா பட்டா எடுத்துருவேன்."

ஹெல்மெட்காரர் எஸ்கேப் தட்டுகிறார். ஐந்து பேருக்கு வாங்கிய பஃப்ஸில் மிச்சத்தைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார். அடுத்த ஞாயிறு எல்லாரையும் இழுத்து வருவதாகச் சொல்கிறார். கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, விண்டோவை மூடி, மாவட்டம் திருப்பூர் என்று தேர்ந்தெடுக்கிறார்.

"எந்தத் தாலுக்காங்க்கா?"

"பல்லடமுங்."