பாஸ்புக் இல்லாத பேங்க்!

முப்பத்தாறு வருஷம் அரசு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் ‘அப்பா, மும்பையில பேங்க்ல வேலை கொடுக்கிறாங்க’ என்று மகள் போனில் சொன்னதும், கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவள் சொன்ன பேங்கில் பாஸ்புக்கே கிடையாது என்று!

அது இன்வெஸ்ட்மென்ட் பேங்க். நம்மிடம் டெபாசிட் வாங்குவது அவர்கள் தொழில் இல்லை. கம்பெனிகள் பங்கு வெளியிடவும், இன்னொரு கம்பெனியை வாங்கவும் உதவி செய்து கட்டணம் வாங்குகிறவர்கள். எம்.பி.ஏ. படிப்புக்கு நடுவே இரண்டு மாதம் அங்கே இன்டர்ன்ஷிப் போனாள். வேலை பிடித்துப்போய் ஆஃபர் கொடுத்துவிட்டார்கள். பதில் சொல்லப் பத்து நாள்.

அவள் மனசோ கன்சல்டிங்கில். பேங்குக்குச் சரி என்றால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியாது. வேண்டாம் என்றால், கன்சல்டிங் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? கல்விக் கடன் 22 லட்சம். கூடக் கையெழுத்துப் போட்டவன் நான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பென்சில் கணக்குதான். ஆஃபர் லெட்டரை பிரிண்ட் எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். ஜாயினிங் போனஸ் ஒரே தடவை. அதுவும் ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் சம்பளத்தில் கூட்டியிருந்தார்கள். வருஷ போனஸ் ‘இவ்வளவு வரை’ கிடைக்கலாமாம். மிச்சத்தில் 30 சதவிகித வரி. முதல் பக்கத்துத் தொகையில் பாதிகூடக் கைக்கு வராது. அந்தப் பாதியே என் கடைசிச் சம்பளத்தைவிடப் பல மடங்கு என்பது வேறு விஷயம். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

“கன்சல்டிங்ல போனஸ் கம்மிதான்பா. பதவி ஏற ஏற வித்தியாசம் ஜாஸ்தியாகும்” என்று அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால், பேங்கில் அந்த போனஸ் மார்க்கெட்டைப் பொறுத்தது. 158 வருஷப் பழைய லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பரில் கவிழ்ந்த செய்தி வந்த அன்று, கடன் பிரிவில் நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கன்சல்டிங் மட்டும் சும்மாவா? இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதவி உயர வேண்டும். இல்லையென்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். 2023-ல் மெக்கின்சியே ஆள்குறைப்பு செய்தது. ஆனால், அங்கிருந்து மருந்து, சிமென்ட், சோப்பு என்று எந்தத் தொழிலுக்கும் தாவலாம் என்றாள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

என் மனைவி சம்பளம் பற்றி எதுவும் கேட்கவில்லை. “ராத்திரி எத்தனை மணிக்குடி ரூமுக்கு வருவே?” என்றாள்.

மறுமுனையில் சத்தமே இல்லை. இன்டர்ன்ஷிப் சமயத்தில் தினமும் பத்து மணிக்கு ‘சாப்டேன், தூங்கப்போறேன்’ என்று மெசேஜ் வரும். அதெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்தபடி அனுப்பியதாம். ரூமுக்குப் போக இரண்டு, மூன்று மணி ஆகுமாம். 2021-ல் கோல்ட்மேன் சாக்ஸில் புதிதாகச் சேர்ந்த சிலர், வாரத்துக்கு 95 மணி நேரம் வேலை பார்க்கிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்டிய செய்தியை அப்புறம் தேடிப் படித்தேன்.

“கையெழுத்துப் போட்டது நீங்க. நீங்க சொல்றதுதான்பா” என்றாள்.

தவணையைக் கணக்கிட்டேன். ஒன்பது சதவிகித வட்டி, பத்து வருஷம். மாதம் 28 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கன்சல்டிங் கிடைக்காமல் சாதாரண வேலைக்குப் போனாலும், ஆறு மாதம் என் பென்ஷன் தாங்கும். “வேண்டாம்னு எழுதிடும்மா” என்றேன். சொல்லிவிட்டு நான் தூங்கவில்லை.

கேம்பஸில் முதல் இரண்டு கன்சல்டிங் கம்பெனிகள் அவளை எடுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. சாயங்காலம் மூன்றாவது கம்பெனி எடுத்துக்கொண்டது.

இப்போது குருகிராமில் இருக்கிறாள். திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் ஏர்போர்ட்டிலிருந்து போன் வரும். அங்கேயும் வேலை முடிய ராத்திரி பதினொன்று ஆகிறது. “இதுக்கு அதுவே தேவலையோ?” என்று மனைவி என்னைப் பார்க்கிறாள். ஐந்தாம் தேதி தவணை அவள் கணக்கிலிருந்து தானாகப் போய்விடுகிறது. எஸ்.எம்.எஸ். வந்தாலும், ஆறாம் தேதி காலையில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நான் கிளைக்குப் போய்விடுகிறேன்.