அறுவைக்கு முன் ஐந்து கிலோ

எடையைக் குறைப்பதற்கென்றே செய்யப்படும் அறுவைச் சிகிச்சையை நாடிச் சென்றவரிடம், "முதலில் எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் கூறினால், கேட்பவர் என்ன நினைப்பார்? பசித்து வந்தவனைப் பார்த்து, உண்டுவிட்டு வா, பிறகு சோறு போடுகிறேன் என்று சொல்வது போலன்றோ அது தோன்றும்! எங்கள் அக்காளுக்கு அப்படித்தான் தோன்றியது. உடன் சென்றிருந்த எங்களுக்கும் அவ்வாறே. அச்சொல்லுக்குப் பின்னே இருந்த நியாயம் விளங்குவதற்கு எங்களுக்குச் சில நாட்கள் ஆயின. நம் சங்கத்துக் குடும்பங்களில் இதே நிலையில் இருப்போர் சிலரேனும் இருக்கக்கூடும் என்பதால், கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் தருமபுரிப் பக்கத்தவர்கள். எங்களில் ஒருவர் ரயில்வேயில் குமாஸ்தா. ஹீலலிகெ நிலையத்தில் ஏறிப் பணிக்குச் சென்று, அங்கேயே இறங்கி வீடு திரும்பும் வாழ்க்கை. அக்காளும் மாமாவும் குழந்தைகளும் எங்களுக்கு அடுத்த சந்தில், தொட்டதோகூரில், குடியிருக்கிறார்கள். 1970-களின் பிற்பகுதியில் கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இவ்விரு கிராமங்களின் நிலத்தில் 332 ஏக்கரில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கி வைத்ததே இன்றைய எலெக்ட்ரானிக் சிட்டி. இங்குள்ள நிறுவனங்களில் பலவற்றுக்கு அமெரிக்காவில் பொழுது விடியும்போதுதான் வேலை தொடங்கும். அக்காள் பதினோரு ஆண்டுகளாக அத்தகைய ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்குச் சாப்பாடு, விடியலில் பேக்கரித் தேநீரும் தேங்காய் பன்னும், பகலெல்லாம் அரைத் தூக்கம். இது அவர் ஒருவர் கதையன்று. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100-க்கு 40 பேர் மிகை எடையினர். இந்தியா முழுமைக்கும் அது 24 தான்.

அக்காளின் உயரம் 156 செண்டிமீட்டர். எடை 101 கிலோ. நீரிழிவுக்கு மூன்று மாத்திரைகள் உண்டும் சர்க்கரை அடங்கவில்லை. இரவில் உறங்கும்போது மூச்சு நின்று நின்று வரும்; மாமா எழுந்து உட்கார்ந்து, அடுத்த மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். கொள்ளுக் கஞ்சி, தேன் கலந்த வெந்நீர், விடியற்கால நடை, பணம் கட்டிச் சேர்ந்த உடற்பயிற்சிக் கூடம் ஆகிய அனைத்தையும் அக்காள் முயன்றவர். ஆறு கிலோ இறங்கும். எட்டு கிலோ ஏறும். "வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு மட்டும் எந்த ஊரிலும் குறைவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். 2022 மே மாதம் இந்நகரில் ஓர் இளம் நடிகை கொழுப்பை அகற்றும் சிகிச்சைக்குப் பின் இறந்தார். அச்செய்தியை நினைவில் கொண்டு எங்கள் தாயார் மிகவும் அஞ்சினார். அது தோற்றத்திற்காகக் கொழுப்பை அகற்றும் வேறொரு முறை. அக்காளுக்குச் செய்வதாக இருந்தது இரைப்பையைச் சிறிதாக்கும் சிகிச்சை. இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி நீக்கி, எஞ்சியதை ஒரு வாழைப்பழ வடிவக் குழாயாகத் தைத்துவிடுவார்கள். உணவு கொள்ளும் இடம் குறைவதோடு, பசியைத் தூண்டும் சுரப்பும் குறைகிறது.

யாருக்கு இதைச் செய்யலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் கண்ட உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவதே பி.எம்.ஐ. என்னும் எண். அக்காளுக்கு 41.5. அமெரிக்க அரசின் மருத்துவக் கழகம் 1991-இல் வகுத்த நெறியில் 40-உம் அதற்கு மேலும் இருந்தால் தகுதி. நீரிழிவு போன்ற நோய்கள் கூடியிருந்தால் 35 போதும். நம் ஆசிய உடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதாலும், குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதாலும், இந்திய மருத்துவர்கள் 37.5, 32.5 என்று அவ்விரு எல்லைகளையும் தாழ்த்தி வைத்துக்கொண்டார்கள். ஆனால், காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2019-இல் வெளியிட்ட விதியில் நிற்பவை பழைய 40-உம் 35-உமே. ஆகவே டாக்டர் தகுதி உண்டு என்பார். காப்பீட்டுத் தாள் இல்லை என்னும். நடுவே நிற்பவர் இரண்டு எண்களையும் அறிந்திருக்க வேண்டும்.

முதல் நாள் எல்லாச் சோதனைகளையும் பார்த்த பிறகு அறுவை நிபுணர் கூறினார்: "மூன்று வாரம் தருகிறேன். ஐந்து கிலோ குறைந்து வாருங்கள். அதன் பிறகே தேதி."

திரும்பும் வழியில் ஓசூர் சாலை நெரிசலில் பேருந்து நின்றிருந்தபோது அக்காள் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "இத்தனை வருஷமும் முடியாததைத்தானே அவரிடம் சொல்லப் போனேன்; அதையே பரீட்சையாக வைத்துவிட்டாரே!" அதற்கு எங்களிடம் விடை இல்லை. வீடு வந்ததும் அவர் மருத்துவக் காகிதங்களை எடுத்துப் பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டார்.

மாமா விடவில்லை. நான்காம் நாள் எங்களையும் அழைத்துக்கொண்டு மறுபடி மருத்துவமனைக்குச் சென்று, நேரே காரணம் கேட்டார். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இரைப்பையின் மேற்பகுதியை மூடினாற்போல் கல்லீரலின் இடப்பாகம் கிடக்கிறது. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கருவிகளை நுழைத்துச் செய்யும் இச்சிகிச்சையில், கல்லீரலை ஒரு கொக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டே இரைப்பையை அணுக வேண்டும். கொழுப்பேறிய கல்லீரலோ பெருத்துக் கனத்திருக்கும். தூக்கினால் கீறிக் குருதி பெருகும். இரைப்பை தெரியவில்லையென்றால் வயிற்றை நீளமாகத் திறக்க நேரிடும், அல்லது தொடங்கிய வேலையை நிறுத்த நேரிடும். மாவுப்பொருளையும் கொழுப்பையும் சில வாரங்கள் கடுமையாகக் குறைத்தால், உடலில் வேறெந்த இடத்தையும்விட முதலில் சுருங்குவது கல்லீரல்தான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 32 பேரை வைத்துப் பன்னிரண்டு வாரம் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவில், கல்லீரல் சுருங்கியதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் இரண்டு வாரங்களிலேயே நிகழ்ந்ததாகக் கண்டிருக்கிறார்கள்.

"உங்கள் மன உறுதியைச் சோதிக்க நான் யார் அம்மா? எனக்கு வேலை செய்ய இடம் வேண்டும், அவ்வளவே" என்றார் டாக்டர். பரீட்சை என்ற சொல்லை அக்காள் அதன் பின் எடுக்கவில்லை.

2017-இல் செய்தித்தாள் படித்தோர்க்கு எகிப்து நாட்டு இமான் அகமதுவை நினைவிருக்கும். சுமார் 500 கிலோ எடை என்று சொல்லப்பட்ட அவரைப் பிப்ரவரி மாதம் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொணர்ந்து, கிரேன் கொண்டு தூக்கி சைஃபி மருத்துவமனையில் சேர்த்தார்கள். வந்த மறுநாளே கத்தியை எடுத்தார்களில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் நீராகார உணவு தந்து, நூறு கிலோவுக்கு மேல் குறைந்த பிறகே மார்ச் 7-ஆம் தேதி சிகிச்சை நடந்தது. அவர் பின்னர் அபுதாபிக்குக் கொண்டு செல்லப்பட்டு, செப்டம்பரில் இதய, சிறுநீரகக் கோளாறுகளால் காலமானார் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆயினும், அறுவைக்கு முந்திய வாரங்களும் சிகிச்சையைச் சேர்ந்தவையே என்பதற்கு அவர் கதையைக் காட்டிலும் பெரிய சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

இனி அடுக்களைக்கு வருவோம். உண்மையான போராட்டம் அங்கேதான் நடந்தது.

மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. அதில் பாதி, எங்கள் சந்துக் கடையில் கேட்டால் கடைக்காரர் விழிக்கும் பொருள்கள். நாளொன்றுக்கு 800 கலோரி. அதாவது ஒரு பெண்ணுக்குச் சாதாரணமாக வேண்டியதில் பாதிக்கும் குறைவு. உணவு ஆலோசகரிடம் மறுபடி சென்று, ஒவ்வொன்றுக்கும் நம் வீட்டுப் பண்டத்தில் ஈடு கேட்டு எழுதி வந்தோம். காலையில் ஆடை நீக்கிய பாலில் புரத மாவு, முற்பகலில் நீர்மோர், நண்பகலில் இரண்டு முட்டையின் வெள்ளையும் வேகவைத்த பீர்க்கங்காய் அல்லது சுரைக்காயும், மாலையில் உப்புக் குறைத்த பருப்புத் தண்ணீர், இரவில் காய்கறி ரசமும் ஒரு கிண்ணம் தயிரும். சோறு, இட்லி, சர்க்கரை எதுவும் இல்லை. களிகூட இல்லை என்பதுதான் எங்கள் தாயாருக்குத் தாளவில்லை. "கேழ்வரகு சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று டிவியில் சொன்னானே!" என்றார். நல்லதுதான், ஆனால் அதுவும் மாவுப்பொருள். கல்லீரலுக்குச் சத்தின் பெருமை தெரியாது.

மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவு குறைவாக உண்ணும்போது பழைய அளவில் நீரிழிவு மருந்தை உட்கொண்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். அக்காளுக்கு ஒரு மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்கள். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரை ஒன்றை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் இவ்வுணவு முறையை எவரும் தொடங்கலாகாது.

மூன்று வாரத்தின் நடுவே ஆடிப் பதினெட்டு வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் அது காவிரிக்கும் கறிச் சோற்றுக்கும் உரிய நாள் என்பதை அன்பர்கள் அறிவர். தாயார் ஊரிலிருந்து மசாலை அரைத்தே எடுத்து வந்திருந்தார். அன்று என்ன செய்வது என்று வீட்டில் பெரிய விவாதம். அக்காள் அலுவலகத்தில் இருக்கும்போது சமைத்து உண்டுவிடலாம் என்றனர் சிலர். மணம் வீட்டைவிட்டுப் போகாதே என்றாள் அக்காளின் மூத்த பெண், வயது பதின்மூன்று. முடிவில், குழம்பு எங்கள் வீட்டில் கொதித்தது. குழந்தைகள் அங்கே வந்து உண்டார்கள். பெரியவர்கள் நால்வரும் அக்காள் வீட்டில் சுரைக்காயும் நீர்மோருமாக அமர்ந்தோம். தாயார் ஒரு வாய் உண்டுவிட்டு, "இதையா பத்து நாளாய்ச் சாப்பிடுகிறாய்?" என்றார். அதுவரை ஓயாமல் வற்புறுத்திக்கொண்டிருந்தவர், அதன் பிறகு அக்காளிடம் எதையும் உண்ணச் சொல்லவில்லை.

எடைப் பொறி காட்டியது இது: முதல் வார முடிவில் 98.2, இரண்டாம் வாரத்தில் 97.1, மூன்றாம் வாரத்தில் 96. முதல் வாரத்து இறக்கத்தில் நீரே மிகுதி. உடலில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்னும் சர்க்கரையின் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைய, நீரும் போகிறது. இதை அறியாதவர் இரண்டாம் வாரத்தில் வேகம் தணிந்ததும் மனம் உடைவர். அக்காளும் ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

மூன்றாம் வாரம் புதிய கவலை ஒன்று முளைத்தது. 96 கிலோ என்றால் பி.எம்.ஐ. 39.4. நாற்பதுக்குக் கீழே! டாக்டர் சொல் கேட்டுக் குறைத்ததாலேயே காப்பீடு கைநழுவிப் போகுமோ என்று மாமா இரவெல்லாம் உறங்கவில்லை. விதியை வரி வரியாகப் படித்தோம். எடை குறைக்கும் மற்ற வழிகள் பலிக்காமற் போனவர்க்கு, கடுமையான உறக்க மூச்சடைப்போ, அடங்காத நீரிழிவோ இருப்பின் 35 போதும் என்று அதில் தெளிவாக இருந்தது. அக்காளுக்கு இரண்டும் உண்டு. முதல் நாள் எடை, உறக்கச் சோதனை முடிவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, முன்பு முயன்ற உணவு முறைகளின் சீட்டுகள் ஆகியவற்றை வரிசைப்படுத்தி, டாக்டரின் கடிதத்துடன் அனுப்பினோம். பதினோராம் நாள் அனுமதி வந்தது. பழைய சீட்டுகளை எறியாமல் வைத்திருந்தது பெரும் உதவி. குமாஸ்தாப் புத்திக்கும் ஒரு பயன் உண்டு.

அமெரிக்காவில் சில காப்பீட்டு நிறுவனங்கள் மூன்று முதல் ஆறு மாதம் வரை உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து காட்டினாலன்றிப் பணம் தருவதில்லை என்று வைத்திருந்தன. அவ்வாறு கட்டாயப்படுத்துவதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை; அது பாரபட்சமானது என்று அந்நாட்டு எடைக்குறைப்பு அறுவை மருத்துவர் சங்கமே 2016-இல் அறிவித்தது. எங்கள் எண்ணமும் அதுவே. கல்லீரலுக்காக மூன்று வாரம் கேட்பது வேறு. நோயாளி களைத்து விலகும்வரை காக்க வைப்பது வேறு.

சிகிச்சை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. கல்லீரல் எளிதாக ஒதுங்கிக் கொடுத்தது என்று வெளியே வந்த டாக்டர் சொன்னார். இது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அக்காளின் எடை இப்போது 74. மாத்திரை மூன்று ஒன்றாயிற்று. வைட்டமின் மாத்திரைகள் மட்டும் ஆயுள் முழுவதும் உண்டு. ஒரு இட்லியை இருபது நிமிடம் மென்று உண்கிறார். அவசரப்பட்டால் வயிறு ஏற்காது. தலைமுடி சில மாதம் கொட்டியது, இப்போது நின்றிருக்கிறது. இரவுப் பணியை மாற்றித் தரும்படி அலுவலகத்தில் விண்ணப்பித்திருக்கிறார். விடை இன்னும் வரவில்லை. மாமா இரவில் விழித்து உட்காருவதில்லை.