பூட்டைத் திறக்கும் முன்



அய்யம்பேட்டையில் எங்கள் அத்தா வஃபாத்தாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய பழைய ஆன்ட்ராய்டு கைபேசியை அம்மாவுக்குப் பயன்படும்படி சீர்செய்ய எண்ணினோம். அதற்குப் புதுப்பிப்புகள் வருவது நின்று வெகுகாலமாகிவிட்டது. நீக்கவியலாத செயலிகள் நினைவகத்தை அடைத்துக்கொண்டிருந்தன. 'ரூட்' செய்து லினேஜ் ஓஎஸ் நிறுவினால் மீண்டும் வேகமாக இயங்கும் என்றான் தம்பி.

ரூட் என்பது கைபேசியின் முழு அதிகாரத்தையும் நம் கையில் எடுத்துக்கொள்வது. பல கைபேசிகளில் அதற்கு முதலில் பூட்லோடர் என்னும் பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் உள்ளிருக்கும் தரவுகள் அனைத்தும் அழிந்துவிடும். திருடியவன் பூட்டைத் திறந்து நம் தரவுகளைப் படித்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. புகைப்படங்களைப் பிரதியெடுத்துவிட்டோம், கேபிளையும் இணைத்துவிட்டோம்.

அப்போது அம்மா கேட்டார்: "சம்பாவுக்கு ஒரம் வாங்குன கணக்கெல்லாம் அதுலதானே எழுதி வச்சிருந்தாங்க ஒங்க அத்தா?"

குறிப்புச் செயலியைத் திறந்தோம். உரக்கடைப் பாக்கி, உழவு டிராக்டர் கூலி, இவற்றின் கீழே அண்டை வயல்காரர் ஒருவரிடம் பெற்ற கைமாற்று. ஜனாஸாவின்போது, அத்தாவிடம் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று அறிவித்திருந்தோம். அவரும் வந்திருந்தார், வாய் திறக்கவில்லை. பணத்தைக் கொண்டு கொடுத்தபோது, "துக்க வீட்டுல எப்படித் தம்பி கேக்குறது?" என்றார்.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். அத்தா அதன்படி எழுதி வைத்திருந்தார். நாங்கள்தாம் அதை ஒரு நொடியில் அழிக்கவிருந்தோம்.

கணக்கைத் தாளில் எழுதி, கடன்களைத் தீர்த்த பின்னரே ரூட் செய்தோம். மின்சாரம் எந்நேரமும் போகக்கூடும் என்பதால் மடிக்கணினியையும் கைபேசியையும் முழுமையாக மின்னேற்றிக்கொண்டோம். பாதியில் நின்றால் கைபேசி வெறும் செங்கல்லாகிவிடக்கூடும். அல்ஹம்துலில்லாஹ், வேலை முடிந்தது. ஆனால் வங்கிச் செயலி, ரூட் செய்த கருவி எனக் கண்டு இயங்க மறுத்தது. அதுவும் நியாயமே. ரூட் அனுமதி பெற்ற தீய செயலி ஒன்று கடவுச்சொல் வரை எடுத்துவிட முடியும். எனவே அந்தக் கைபேசியில் பணப் பரிமாற்றம் வேண்டாமென முடிவு செய்தோம். அம்மா அதில் குர்ஆன் ஓதக் கேட்கிறார். பேரப்பிள்ளைகளின் முகம் பார்க்கிறார்.

மறைந்தவரின் கைபேசி நம்மிடம் வந்து சேர்ந்த அமானிதம். அதன் முழு அதிகாரத்தைக் கையில் எடுக்கும் முன், யாருடைய ஹக் அதனுள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வோம். அல்லாஹ் நம் பெற்றோரின் கடன்களை நிறைவேற்றும் பிள்ளைகளாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.