மாலியேமன் சந்நிதியில்

கரீபியன் கடலில் குவாதலூப் என்றொரு தீவு உண்டு. 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டமாக விளங்குவது. அங்கே கைமாறும் பணம் யூரோ. மக்கள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். அத்தீவின் துறைமுக நகரான புவாந்த்-ஆ-பித்ரில் நான் தங்கியிருந்த ஐந்து நாட்களில் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. அன்றிரவு விமானத்தில் நான் பாரிஸ் திரும்ப வேண்டும்.

பாரிஸில் பணிபுரியும் மகளைக் காணச் சென்றவன், அங்கிருந்து தன்னந்தனியே இத்தீவுக்குப் புறப்பட்டபோது, "இந்த வயதில் எதற்கப்பா?" என்று அவள் தடுத்தாள். காரணம் காரைக்கால். வங்கிப் பணியின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அவ்வூரில் இருந்தேன். ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர் ஒருவர், தம் பாட்டனாரின் தம்பி கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியதைச் சொல்வார். "போனவர் போனவர்தாம்; பெயர்கூட எங்களுக்குத் தெரியாமல் போயிற்று" என்று முடிப்பார். அந்தச் சொல் நாற்பது ஆண்டுகளாக என்னை விடவில்லை.

ஆயினும் முதல் நான்கு நாட்களும் கடற்கரை, அருங்காட்சியகம் என்று சுற்றினேனே தவிர, அம்மன் கோயில் பக்கம் செல்லவில்லை. மறைப்பானேன்? அத்தீவில் அம்மனுக்கு ஆடும் சேவலும் பலியிடும் வழக்கம் இன்னும் உண்டு. பிறந்தது முதல் மரக்கறி உண்பவன் நான். அதைக் காண நேருமோ என்ற அச்சமே என்னைத் தடுத்தது. ஊர் திரும்பும் நாளன்று காலையில் கண் விழித்தபோதுதான், இத்தனை தொலைவு வந்தும் அவளைப் பாராமல் போவதா என்று மனம் குத்தியது.

விடுதியைக் காலி செய்து, பெட்டியை அங்கேயே ஒப்படைத்துவிட்டுத் துறைமுகத்துக்கு நடந்தேன். படகுகளிலிருந்து மீன் இறக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1854 டிசம்பர் இறுதியில் 'ஒரேலி' என்ற கப்பல் நம்மவர்களை முதன்முதலில் இந்நகருக்குக் கொண்டு வந்தது. 1848இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்பு வெட்ட ஆளில்லாமல் போகவே, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம், முடிந்தால் ஊர் திரும்பக் கப்பல் உண்டு என்ற வாக்குறுதி. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் நீண்ட பயணம். 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் வந்தனர். ஊர் திரும்பியவர் சிறுபான்மையினரே. இங்கே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் ஆன்ரி சிதம்பரம் என்ற தமிழ் வழியினர். கைநாட்டு வைத்து வந்தவர்களின் மக்களுக்கு வாக்குச்சீட்டு வாங்கித் தந்த அம்மனிதரை நாம் அறியாதிருப்பது நம் குறையே.

அங்காடியில் நறுமணப் பொருள் விற்கும் பெண்கள் தலையில் கட்டியிருந்த கட்டம்போட்ட துணியின் பெயர் 'மதராஸ்'. அவர்கள் பொட்டலம் பொட்டலமாக விற்கும் மஞ்சள் நிறப் பொடியின் பெயர் 'கொலொம்போ'. நம் குழம்புதான் அப்படித் திரிந்தது என்பர் சிலர். கொழும்பு நகரின் பெயர் என்பர் வேறு சிலர். முகர்ந்து பார்த்தேன். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம். எனக்கு ஐயமில்லை, குழம்புதான்!

பேர்ழெவேன் பேருந்து நிலையத்தில் காபெஸ்தேர் செல்லும் பேருந்தில் ஏறினேன். குறுகிய கடற்கால் ஒன்றைப் பாலத்தில் கடந்தால் தீவின் மறுபாதி. ஒருபுறம் மலை, மறுபுறம் கடல், நடுவே வாழைத் தோட்டங்கள். நெடுஞ்சாலையோரத்தில் திடீரென்று வண்ண வண்ணச் சுதைச் சிற்பங்களோடு ஒரு கோயில் எழுந்து நின்றது. அதுவே ஷாஞ்சி மாரியம்மன் கோயில். 'மாலியேமன்' என்பது இங்கே அவள் பெயர். இறங்கி ஓடினேன். நண்பகல், கதவு சாத்தியிருந்தது. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டேன். நான்கு நாள் வராதவனுக்கு இதுதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தொலைவில் தப்புச் சத்தம் கேட்டது. ஐயத்திற்கிடமில்லாத நம் தப்பு. ஓசை வந்த வழியே தோட்டத்துப் பாதையில் கால்மணி நேரம் நடந்தேன். ஒரு வீட்டுப் புறத்தில் தகரக் கூரையிட்ட சிறு கோயில். முற்றத்தில் இளைஞர் இருவர் வைக்கோலைக் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தனர். உயர்ந்த மரக்கம்பத்தில் ஒரு கொடி பறந்தது. அது 'நாகூர்மீரா'வுக்கு! நாகூர் ஆண்டவரைக் கடலில் காப்பவராக வேண்டிக்கொண்டு ஏறியவர்கள், கரை சேர்ந்த பின்னும் அவரை மறக்கவில்லை. மாரியம்மன் கோயில் முற்றத்திலேயே அவருக்கும் இடம் தந்திருக்கிறார்கள்.

எழுபத்தைந்து வயதிருக்கும் பெரியவர் ஒருவர் வெளியே வந்தார். "பூசாரி" என்று தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்குமேல் அவரிடம் தமிழ் இல்லை. கல்லூரியில் ஆங்கிலம் பயிலும் அவருடைய பேத்தி எங்களுக்கு நடுவில் அமர்ந்தாள். மத்தளத்தைக் காட்டி 'மத்தலோன்' என்றாள். தாளத்தைக் காட்டி 'தாலோன்' என்றாள். பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே சென்று, துணியில் சுற்றிய பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

அவருடைய பாட்டனார் பாடக் கேட்டு, தந்தையார் பிரெஞ்சு எழுத்துகளில் எழுதி வைத்த அம்மன் பாடல்கள் அவை. பெரியவர் கண்ணை மூடிப் பாடினார். மெட்டு நான் சிறுவயதில் எங்கள் ஊர் எல்லைக் கோயிலில் கேட்டது. சொற்களோ நழுவின. 'வேப்பிலை' பிடிபட்டது. 'கரகம்' பிடிபட்டது. அடிக்கு ஒருமுறை வந்த 'கனபூரோன்' என்ற சொல் மட்டும் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை.

பாடி முடித்தவர் பேத்தியிடம் ஏதோ கேட்டார். அவள் சற்றுத் தயங்கி மொழிபெயர்த்தாள். "எங்களில் ஒருவருக்கும் இதன் பொருள் தெரியாது. தவறாகப் பாடுகிறோமா? அம்மனுக்குப் புரியுமா என்று தாத்தா கேட்கிறார்."

முப்பத்தாறு ஆண்டுகள் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். அதைத்தான் சொன்னேன். காசோலையில் உள்ள கையெழுத்து, எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவோம். ஆனால் கை நடுங்கும் முதியவர்களின் கையெழுத்து ஒருநாளும் பொருந்துவதில்லை. அதற்காக அவர்களை வெறுங்கையோடு அனுப்பியதுண்டா? மாதந்தோறும் நேரில் வருபவர். ஆளை எங்களுக்குத் தெரியும். பணம் கொடுத்துவிடுவோம். "அவளுக்கு உங்களைத் தெரியும், ஐயா" என்றேன். பேத்தி கிரியோலில் சொல்லச் சொல்லப் பெரியவர் தலையசைத்துக் கேட்டார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுவரோரத்தில் மாலையணிந்த ஆட்டுக்கிடா ஒன்று தழை தின்றுகொண்டிருந்தது. மறுநாள் பூசை. இருந்து பார்த்துவிட்டுப் போகும்படி வற்புறுத்தினார்கள். இன்றிரவு விமானம் என்றேன். அதைச் சொன்னபோது நெஞ்சில் எழுந்தது நிம்மதி. மறுகணமே அந்த நிம்மதிக்காக நாணினேன். எங்கள் எல்லைக் கோயிலிலும் என் பாட்டனார் காலத்தில் நடந்ததுதானே? பலியில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆனால் அன்று அந்த முற்றத்தில் அதைப் பற்றி வாய் திறக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

சந்நிதியில் கற்பூரம் காட்டினார். தேங்காய் மூடியும் பூவும் தந்தார். திருப்பித் தர என்னிடம் என்ன இருந்தது? சட்டைப் பையில் ஒரு குங்குமப் பொட்டலம். என் இல்லாள் மறைவதற்கு முந்தைய பங்குனியில், நம் பொருட்டு அம்மனே பட்டினி கிடந்து நோற்கும் பச்சைப் பட்டினி விரத நாட்களில், சமயபுரம் சென்று வாங்கி வந்தது. ஐந்தாண்டுகளாக என்னோடு பயணம் செய்வது. பாதியைக் கிள்ளி அவர் கையில் வைத்தேன். அவர் அதை அம்மன் பாதத்தில் இட்டு, பின் நெற்றியில் வைத்துக்கொண்டார். தமிழ் அரிச்சுவடி ஒன்று அனுப்பித் தருவதாகச் சொன்னேன். பேத்தி முகவரி எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும் பேருந்தில் வாழைத் தோட்டங்கள் பின்னோக்கி ஓடின. மீதிக் குங்குமம் சிந்தாதிருக்கப் பொட்டலத்தை மடித்தேன். அதன்மேல் அச்சிட்டிருந்த அம்மன் படத்தின் கீழ் 'சமயபுரம்' என்ற எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. தாளம் 'தாலோன்', மத்தளம் 'மத்தலோன்' என்றால், கனபூரோன்?

கண்ணபுரம்!

சமயபுரத்தின் பழம்பெயர்களில் ஒன்றன்றோ அது! சமயபுரத்தாளை எத்தனை ஆடி மாதங்களில் கண்ணபுரத்தாள் என்று அழைத்துப் பாடக் கேட்டிருக்கிறேன்! ஒன்றரை நூற்றாண்டாக அந்தக் குடும்பம், இன்ன ஊர் என்று அறியாமலே, அடிக்கு ஒருமுறை அவ்வூரை அழைத்துக்கொண்டிருக்கிறது. அவ்வூர்க் குங்குமத்தை அவர் கையில் வைத்தவனும் அதை அறியவில்லை, வாங்கிக்கொண்டவரும் அறியவில்லை.

பேருந்தை நிறுத்தச் சொல்ல எழுந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். விடுதிக்குச் சென்று பெட்டியை எடுக்க வேண்டும், விமானம் காத்திருக்காது. உட்கார்ந்துவிட்டேன்.

விமான நிலையக் கடையில் ஓர் அஞ்சலட்டை வாங்கினேன். தமிழில் பெரிய எழுத்தில் 'கண்ணபுரம்' என்று எழுதினேன். அதன்கீழ் பிரெஞ்சு எழுத்துகளில், அவர்கள் நோட்டில் கண்டவாறே எழுதினேன். அதற்கும் கீழே ஆங்கிலத்தில், 'இது அம்மனின் ஊர்ப்பெயர். தாத்தாவிடம் நான் கொடுத்த குங்குமம் அந்த ஊரிலிருந்து வந்தது' என்று பேத்திக்கு எழுதினேன். முகவரியை இரண்டு முறை சரிபார்த்தேன், பழைய வழக்கம். மஞ்சள் நிறத் தபால்பெட்டியில் அட்டையைப் போட்டுவிட்டு, அது உள்ளே விழும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.