நிலாவெளிச் சுறாவும் கையெழுத்துப் போடாத ஏழு கடிதங்களும்



திருகோணமலைச் சுற்றுலாவுக்கான சம்மதக் கடிதங்களில் ஏழு இன்னும் என் கைக்கு வரவில்லை. காரணம் பணமல்ல. நிலாவெளிக் கடலில் சுறா நீந்துகிற வீடியோ ஒன்று வட்ஸ்அப்பில் லயம் லயமாகச் சுற்றியிருக்கிறது. "சேர், புள்ளைய சுறாவுக்குக் குடுக்கவா அனுப்புறது?" என்று ஒரு தாய் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்து கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வீடியோ பொய்யல்ல. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் கூடு கட்டுவதால் அந்தப் பெயர். 1963இல் சரணாலயமாக்கி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதைச் சுற்றியுள்ள முருகைக்கற் பாறைகளில்தான் இந்தச் சுறா வாழ்கிறது. செட்டைகளின் நுனியெல்லாம் மையில் தோய்த்தெடுத்தது போலக் கறுப்பாக இருக்கும். பெரும்பாலும் ஐந்தடி, ஐந்தரை அடிக்கு மேல் வளராது. சிறு மீன், கணவாய், இறால் இவைதான் சாப்பாடு. ஆளைக் கண்டால் விலகி ஓடுகிற சுபாவம். சில நாடுகளில் ஆழமில்லாத தண்ணீரில் நடந்தவர்களின் காலை இரையென்று நினைத்துக் கடித்ததுண்டு, மறைக்கவில்லை. ஆனால் அது மனிதனை வேட்டையாடும் சாதி அல்ல. யூனுஸ் நபியை விழுங்கியது இதுவா என்று ஒரு மாணவன் கேட்டான். இதன் வாய்க்குள் உன் கொப்பிகூடப் போகாதடா என்றேன்.

எனக்கு வியப்பு அதன் பிள்ளைப்பேறுதான். மற்ற மீன்களைப் போல ஆயிரக்கணக்கில் முட்டை கொட்டுவதில்லை. குட்டி தாயின் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளர்கிறது. பல மாதம் சுமந்து, பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிகள்தான் போடும். குட்டிகள் பெரிய மீன்களுக்குத் தப்ப, முழங்காலளவு தண்ணீரில் ஒதுங்கி வளரும். வளர்ந்த பிறகும் தூரம் போவதில்லை. பசிபிக் கடலின் பல்மைரா தீவில் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு சுறா நடமாடிய இடம் சுமார் அரைச் சதுர கிலோமீற்றர்தானாம். நம்ம தோட்டத்தில் ஒரு டிவிஷன் அளவு. அந்த இடம் கெட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. உலக அளவில் இப்போது ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும், தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற பால் சுறா ஆக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைக் குற்றமென்று சொல்ல நான் வரவில்லை. பால் சுறா வேறு இனம். ஹலாலா என்ற சந்தேகமும் நமக்கில்லை. ஆனால் மெதுவாகப் பெருகும் பிராணியை மத்தி மீன் போல அள்ள முடியாது. கசாரிச் சுறாவைப் பிடிக்க 2012இலும், புள்ளிச் சுறாவான திமிங்கிலச் சுறாவைப் பிடிக்க 2015இலும் நம் நாட்டில் தடை வந்தது. இந்தக் கறுப்பு நுனிக்காரனுக்கு அப்படித் தனிச் சட்டமில்லை, பூங்கா எல்லைதான் காவல்.

கடல் நமக்குத் தூரமென்று நினைக்கிறோம். ஹட்டன் பக்கத்து மழையில் ஒரு பங்கு களனியாகிக் கொழும்புக்குப் போகிறது. மறு பங்கு மகாவலியாகி, நாட்டைச் சுற்றி 335 கிலோமீற்றர் ஓடி, அதே திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. சேறு பெரும்பாலும் அணைகளில் தங்கிவிடும். வாய்க்காலில் வீசுகிற லஞ்ச் ஷீட் எவ்வளவு தூரம் போகுமென்று யோசியுங்கள்.

பெற்றோரே, எனக்குப் பயம் சுறாவில் இல்லை. நம் பிள்ளைகளில் அநேகருக்கு நீந்தத் தெரியாது. ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் நாம் பறிகொடுத்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆகவே படகில் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி. தீவில் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் யாரும் இறங்குவதில்லை. பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆசிரியர். கடல் கொந்தளித்தால் படகே ஏறமாட்டோம், கோணேஸ்வரம் பார்த்துத் திரும்புவோம். முருகைக்கல்லில் மிதிக்கக் கூடாது, ஒரு துண்டும் எடுத்துவரக் கூடாது என்பதை வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

கடிதங்கள் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். சந்தேகமுள்ளவர்கள் பிரட்டு முடிந்து மாலையில் வாருங்கள், ஜும்ஆ முடிந்து நான் பாடசாலையில்தான் இருப்பேன்.