அம்மாவின் மாத்திரையும் நான்காம் வேற்றுமையும்

அம்மாவுக்கு முடக்குவாதம். பல ஆண்டுகளாக இரவு உணவுக்குப் பின் 200 மில்லிகிராம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஒன்று. “மலேரியா மாத்திரை எனக்கு எதற்கடி?” என்று தொடக்கத்தில் சிரித்தவர், விரல் வீக்கம் வடிந்தபின் கேட்பதை விட்டுவிட்டார்.

2020 மார்ச் இறுதியில் கலூரில் நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில், “ஸ்டாக் தீர்ந்நு, மோளே” என்றார்கள். அடுத்த மூன்று கடைகளிலும் அதே விடை.

மார்ச் 22 தேதியிட்ட ஐ.சி.எம்.ஆர். அறிவுரை, கொரோனா நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவப் பணியாளருக்கும், தொற்று உறுதியானவரின் வீட்டாருக்கும் மட்டுமே இம்மருந்தை முன்தடுப்பாகப் பரிந்துரைத்தது. ஊர்ப்பேச்சிலோ அது ‘கொரோனாவுக்கு மருந்து’ ஆகிவிட்டது. மொழியியல் படித்தவளுக்கு அந்த ‘கு’ உருபு உறுத்தியது. கொடை, பகை எனப் பல பொருள்களை அதற்கு நன்னூல் சொல்கிறது. ஆனால் தடுப்பதா, தீர்ப்பதா, சோதித்துப் பார்ப்பதா என்பதை அவ்வுருபு பிரித்துக் காட்டாது. நான்கு நாள் கழித்து மருந்து எச்1 அட்டவணைக்குள் வந்து, சீட்டின்றி விற்பது தடைப்பட்டது. அதற்குள் அலமாரிகள் காலி.

நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. உயிரணுவின் உள்ளறைகளில் அமிலத்தன்மையைக் குறைத்து, அவ்வழி நுழையும் வைரஸை இம்மருந்து மறிக்கிறது. குரங்கின் சிறுநீரக உயிரணுக்களில் அது நன்றாகவே வேலை செய்தது. மனித நுரையீரல் உயிரணுக்களிலோ டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி வைரஸுக்கு வேறொரு வாசலைத் திறந்துவிடுகிறது. (2006இல் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியாவுக்குக் குளோரோகுயினைக் கொடுத்துப் பார்த்து ஏமாந்த கதை ஏற்கெனவே உண்டு. யார் நினைவில் வைத்திருந்தார்கள்?) பிரிட்டனின் ‘ரெக்கவரி’ ஆய்வில் மருந்து பெற்ற 1,561 பேரில் 27 விழுக்காட்டினரும், பெறாத 3,155 பேரில் 25 விழுக்காட்டினரும் 28 நாளுக்குள் இறந்தனர். பயனில்லை என்பது ஜூன் 5 அன்றே அறிவிக்கப்பட்டது.

எங்களுக்கு ஜூன் வெகு தொலைவில் இருந்தது. இம்மருந்து உடலில் வாரக்கணக்கில் தங்கும் என்பதால் ஏப்ரல் பாதி வரை அம்மா சமாளித்தார். பிறகு ஒரு காலையில் புட்டுக்குழலின் மூடியைத் திறக்க முடியாமல், ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். மே மாதம் ஒரு பட்டை கிடைத்தது.

இன்று எங்கள் வீட்டு அலமாரியில் எப்போதும் மூன்று மாத மாத்திரை கூடுதலாக இருக்கிறது. அதைப் பதுக்கல் என்று எவரேனும் சொன்னால் மறுக்க என்னிடம் சொல் இல்லை.