உப்புப் பருவமும் படப் பருவமும்

2025 சனவரி 14, பொங்கல்

பக்கிங்காம் கால்வாயின் தென்முனையை ஒட்டிப் பரந்து கிடக்கும் மரக்காணத்து உப்பளங்களில் தை பிறக்கும்போது உப்பு விளைவதில்லை. உவர்நீரைத் தேக்கி வெயிலில் காய விடும் ஆழமற்ற தளங்களான பாத்திகள் மழையில் சேறேறிக் கிடப்பதால், அவற்றைச் செப்பனிட்டு, வரப்புக் கட்டி, தரையை மிதித்து இறுக்கும் வேலையே இப்போது தொடங்குகிறது. ஆனால் தமிழ்த் திரையுலகுக்கு ஆண்டின் முதன்மையான வெளியீட்டுக் காலம் இதுவே ஆகும். இவ்வாரத்தில் மட்டும் ‘வணங்கான்’, ‘மதகஜராஜா’, ‘காதலிக்க நேரமில்லை’ ஆகியன வந்துள்ளன. பண்டிகைக்குப் புதுத்துணி போலவே புதுப்படமும் வழக்கமாகிவிட்ட நாட்டில், கையிருப்பு வற்றியிருக்கும் மாதத்தில்தான் இக்கரைக் குடும்பங்களுக்கு அச்செலவு வந்து சேர்கிறது.

2025 மே 18

விளைச்சல் உச்சத்தில் இருக்கும் மாதம். தொழிலாளர் விடியுமுன்னரே பாத்தியில் இறங்கி, வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றி அம்பாரமாகக் குவிக்கின்றனர். கூலி வருகிறது, பள்ளிக்கும் விடுமுறை. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, ‘மாமன்’ எனக் குடும்பத்தோடு பார்ப்பதற்கென்றே எடுக்கப்பட்ட படங்களும் ஓடுகின்றன. ஆகவே ஒரு குடும்பத்தின் செலவை இங்குக் கணக்கிட்டுப் பார்ப்பது பொருந்தும்.

ஒரே கட்டடத்தில் பல திரைகளைக் கொண்ட மல்டிபிளெக்ஸ் அரங்குகளுக்குத் தமிழக அரசு 2017 அக்டோபரில் விதித்த உச்சவரம்பு, வரி நீங்கலாக 150 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியாக 27 ரூபாய் சேர, ஒரு சீட்டு 177 ரூபாயாகிறது. உள்ளாட்சி அமைப்புகளுக்குச் செல்லும் கேளிக்கை வரியும் இணைய முன்பதிவுக் கட்டணமும் இதில் சேரவில்லை. தாய், தந்தை, இரு பிள்ளைகள், ஒரு பாட்டி என ஐவர் செல்வதாயின் 885 ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழகத்துக்கு இவ்வாண்டு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய் என்பதால், சீட்டு மட்டுமே இரண்டரை நாள் கூலியை விழுங்கிவிடுகிறது.

திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ செல்ல ஏறத்தாழ 35 கிலோமீட்டர் பயணம் வேண்டும். 2021 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கே உரியது என்பதால், வெளியூர்ப் பேருந்தில் ஐவருக்கும் காசு கொடுத்தாக வேண்டும். புதுச்சேரி ஒன்றியப் பகுதி என்பதால் தமிழக அரசின் உச்சவரம்பும் அங்குச் செல்லாது. இடைவேளைத் தீனியின் விலைக்கோ வரம்பே இல்லை. வெளி உணவைத் தடுக்க அரங்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதை அறிந்து கேட்போர் குறைவு என்பது வருத்தத்துக்குரியது.

2025 ஆகஸ்ட் 15

‘கூலி’ நேற்று வெளியானது. முதல் வாரப் பரபரப்பு அடங்கும்வரை காத்திருக்கப் பிள்ளைகள் ஒப்புவதில்லை; ஏழைக் குடும்பத்தின் செலவு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1905இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் படம்காட்டும் கருவியோடு ஊர் ஊராகச் சென்று தொடங்கிவைத்த வழக்கம், பின்னர் டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட கீற்றுக் கொட்டகைகளாக வளர்ந்து சிற்றூர்களைச் சென்றடைந்தது. பகல் வெளிச்சம் உள்ளே புகும் என்பதால் அங்கு மாலையிலும் இரவிலுமே காட்சிகள் நடந்தன. தரை, பெஞ்சு, நாற்காலி என விலை படிப்படியாக ஏறியது. மணலில் அமர்த்தப்பட்டோருக்கு அது பெருமையான ஏற்பாடன்று. அந்தப் பாகுபாடு மறைந்தது நன்றே. எனினும், ஒரே படத்தை ஒரே வேளையில் பல விலைக்கு விற்று, கடைசிக் காசுக்காரரையும் உள்ளே சேர்த்துக்கொண்ட வணிக அறிவு அக்கொட்டகைக்காரர்களிடம் இருந்தது. இருக்கை எல்லார்க்கும் ஒன்றான இன்றைய அரங்கில் விலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. அந்த விலையோ மாதச் சம்பளக்காரரை நோக்கியே வகுக்கப்பட்டுள்ளது.

2025 செப்டம்பர் 24

நேற்று முன்தினம் வரி மாறியது. 100 ரூபாய்க்கு மிகாத சீட்டுக்கு வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்ட சீட்டுக்கு 18 விழுக்காடே தொடர்கிறது. எனவே 150 ரூபாய்ச் சீட்டு எடுப்போருக்கு ஒரு காசும் மிச்சமில்லை. ஆனால் அதே அரங்கு 100 ரூபாய்க்கு விற்குமானால், வரியோடு 105 வீதம் ஐவருக்கு 525 ரூபாயில் முடிந்துவிடும். மிச்சமாகும் 360 ரூபாய் ஒரு நாள் கூலியினும் மிகுதி.

கர்நாடக அரசு இம்மாதம் விதித்த 200 ரூபாய் உச்சவரம்புக்கு அம்மாநில உயர் நீதிமன்றம் நேற்று இடைக்காலத் தடை விதித்தது. ஆணையால் மட்டுமே விலை இறங்கும் என்று காத்திருக்க முடியாது என்பதை அது காட்டுகிறது. மாறாக, 2022 செப்டம்பர் 23 அன்று மல்டிபிளெக்ஸ் உரிமையாளர்கள் தாமாகவே 75 ரூபாய்க்குச் சீட்டு விற்றபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 65 லட்சம் பேர் வந்தனர் என்று அவர்களின் சங்கமே அறிவித்தது.

2025 அக்டோபர் 20, தீபாவளி

‘பைசன்’, ‘டியூட்’, ‘டீசல்’ ஓடுகின்றன. பருவமழைக் காலம் என்பதால் பாத்தியில் வேலை இல்லை. உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. ஒருமுறை படம் பார்க்க வேண்டிய 885 ரூபாய் அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். அரிசிக்கும் மருந்துக்கும் உரிய அப்பணத்தைச் சீட்டுக்குக் கொடு என்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் கேளிக்கை அவர்களுக்கு வேண்டாத ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் நியாயமாகாது.

திண்டிவனம், புதுச்சேரி அரங்க உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பண்டிகைப் படங்களின் இரண்டாம் வாரம் முதல், எப்படியும் பாதி காலியாகக் கிடக்கும் வார நாள் காட்சிகளுக்கேனும் 100 ரூபாய்க்கு மிகாமல் சீட்டு விற்று, வரிக்குறைப்பின் பயனை மரக்காணத்துப் பிள்ளைகளும் பெறச் செய்யுங்கள்.